கிரான் சாசோ, 12 செப்டம்பர் 1943: பட்டாலியன் செய்த வேலை, ஒருவருக்குப் போன பெயர்

காவலில் இருந்த இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியை கிரான் சாசோ மலையுச்சியிலிருந்து மீட்ட ஜெர்மானியர் யார் என்று கேட்டால், போர் வரலாறு ஓரளவு படித்தவர்கள்கூடத் தயங்காமல் ஓட்டோ ஸ்கோர்செனி என்பார்கள். அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தியவர் மேஜர் ஹரால்ட் மோர்ஸ். போன படை ஜெனரல் குர்ட் ஸ்டுடென்ட்டின் பாராசூட் படை. முசோலினியை உயிரோடு கீழே கொண்டுவந்து சேர்த்த விமானி கேப்டன் ஹைன்ரிக் கெர்லாக். ஸ்கோர்செனி அவர்களோடு சேர்ந்து போனவர். சேர்ந்து போனவருக்கு முழுப் பெயரும் எப்படிப் போனது, அந்தப் பெயர் அடுத்த 15 மாதங்களில் என்னவெல்லாம் செய்தது என்பதை இங்கே விரிவாகப் பார்க்கிறேன்.

இது வெறும் பங்காளிச் சண்டை இல்லை. ஒரு காலாட்படை டிவிஷன் ஒரே போரில் நூற்றுக்கணக்கான மோதல்களில் இறங்குகிறது. இன்றைக்கு மழை கெடுத்தால் நாளைக்கு வெயில் உதவும். நாளடைவில் அந்த டிவிஷனின் உண்மையான தரம் வெளியே தெரிந்துவிடும். அதிரடிப் படைகளுக்கு அந்த வசதி இல்லை. ஒரு இலக்கு, ஒரு நாள், மறுமுயற்சி கிடையாது. ஒரே ஒரு தடவை சுண்டிய காசு தலை விழுந்ததை வைத்து, சுண்டியவர் கெட்டிக்காரர் என்று முடிவு கட்டுகிற ஆபத்து இங்கேதான் அதிகம். போதாததற்கு, நேரில் பார்த்தவர்கள் சில டஜன் பேர், கோப்புகள் ரகசியம். முதலில் வாய் திறப்பவர் சொல்வதே பல ஆண்டுகளுக்கு வரலாறாக நிற்கும். கிரான் சாசோவில் இந்த இரண்டும் சேர்ந்து நடந்தன.

பின்னணி

நேச நாட்டுப் படைகள் 10 ஜூலை 1943 அன்று சிசிலியில் இறங்கின. ஜூலை 24 இரவு ரோமில் கூடிய பாசிசப் பெருமன்றம் விடியும்வரை விவாதித்து முசோலினிக்கு எதிராக வாக்களித்தது. மறுநாள் மன்னரைப் பார்க்கப் போனவரைக் கராபினியெரி போலீசார் ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மார்ஷல் பதோலியோ பிரதமரானார்.

ஹிட்லர் இரண்டு பேருக்கு வேலை கொடுத்தார். படை நடவடிக்கை முழுவதும் ஸ்டுடென்ட் பொறுப்பு. கிரீட் தீவை 1941-இல் வானிலிருந்து பிடித்த ஜெர்மன் பாராசூட் படையை உருவாக்கியவர் அவர். அவருக்குக் கீழே, ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடும் வேலை நாஜிக் கட்சியின் சொந்தப் படையான எஸ்எஸ்ஸின் கேப்டன் ஸ்கோர்செனிக்கு. வியன்னாக்காரர், தொழிலால் பொறியாளர், 6 அடி 4 அங்குல உயரம், மாணவப் பருவத்து வாள்சண்டையில் வாங்கிய பெரிய தழும்பு கன்னத்தில். சில மாதங்களுக்கு முன்தான் பெர்லினுக்கு அருகே ஃப்ரீடன்தாலில் இருந்த எஸ்எஸ் சிறப்புப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தார். அதுவரை அவர் பெயரைச் சொல்லும்படியான எந்த நடவடிக்கையும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

ஆறு வாரத் தேடல்

இத்தாலியர்கள் கைதியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முதலில் ரோமில் ஒரு பாளையம், பிறகு பொன்சா தீவு, ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து சார்டினியாவை ஒட்டிய லா மத்தலேனா தீவு, ஆகஸ்ட் கடைசியில் அங்கிருந்து கடல்விமானத்தில் மத்திய இத்தாலி மலைகளுக்கு.

ஆகஸ்ட் 18 அன்று லா மத்தலேனாவை வானிலிருந்து படமெடுக்கப் போன ஹைன்கெல் விமானம் கடலில் விழுந்தது. ஸ்கோர்செனிக்கு விலா எலும்புகள் முறிந்தன. இத்தாலியக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. அன்று அவர் மூழ்கியிருந்தால் கிரான் சாசோ நடவடிக்கை அநேகமாக அப்படியே நடந்திருக்கும், பெயர் மட்டும் மாறியிருக்கும். அந்தத் தீவின்மேல் நடத்தவிருந்த தாக்குதலும் கடைசி நேரத்தில்தான் நின்றது, பறவை பறந்துவிட்டது என்று தெரியவந்ததால். நடந்திருந்தால் காலி வீட்டுக்காக ஜெர்மானியரும் இத்தாலியரும் சுட்டுக்கொண்டு செத்திருப்பார்கள், ஸ்கோர்செனியின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

சரியான துப்பு ரோமில் இருந்த எஸ்எஸ் போலீஸ் அதிகாரி ஹெர்பர்ட் கப்ளரின் ஆட்கள் ஒட்டுக்கேட்ட ஒரு வானொலிச் செய்தியிலிருந்து வந்தது. கிரான் சாசோ பகுதியில் பாதுகாப்பு ஏற்பாடுகள் முடிந்துவிட்டன என்பது அதன் சாரம். அபென்னின் மலைத்தொடரின் உயரமான பகுதி அது. அங்கே 2,100 மீட்டருக்கு மேலே கம்போ இம்பெராத்தோரே என்ற பனிச்சறுக்கு ஓட்டல் இருந்தது. மேலே போக அசெர்ஜி ஊரிலிருந்து ரோப்கார் ஒன்றுதான் வழி.

செப்டம்பர் 8 அன்று ஸ்கோர்செனியும் அவருடைய துணை அதிகாரி ராடலும் அந்த ஓட்டலுக்கு மேலே பறந்தார்கள். தானியங்கிக் கேமரா வேலை செய்யவில்லை. உறைபனிக் குளிரில் உடலை வெளியே நீட்டிக் கைக்கேமராவில் எடுத்தார்கள். ஓட்டலை ஒட்டி முக்கோண வடிவில் ஒரு புல்வெளி இருப்பதாகப் படம் சொன்னது. அதன் சரிவு எவ்வளவு என்று படம் சொல்லவில்லை.

தேடலில் ஸ்கோர்செனி சளைக்காமல் உழைத்தார். அதை மறுப்பது நியாயமில்லை.

அன்று மாலையே இத்தாலியின் சரணடைவு அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடியலில் மன்னரும் பதோலியோவும் ரோமைவிட்டு ஓடினார்கள். நாட்டின் மிக முக்கியமான கைதியை என்ன செய்வதென்று மலையிலிருந்த காவலர்களுக்குத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. இந்த நடவடிக்கையின் வெற்றி அங்கேயே பாதி தீர்மானமாகிவிட்டது என்பது என் கருத்து.

செப்டம்பர் 12

செப்டம்பர் 11 பிற்பகலில் ஸ்டுடென்ட் மோர்ஸைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைத்தார். மோர்ஸின் திட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. பட்டாலியனின் பெரும்பகுதி லாரிகளில் சுற்றிப் போய் அசெர்ஜியில் ரோப்கார் அடிநிலையத்தைப் பிடிக்கும். அதே நேரத்தில் லெப்டினன்ட் பெர்லெப்ஷின் கம்பெனி கிளைடர்களில் (வேறு விமானம் இழுத்துப் போய் விடுகிற இன்ஜின் இல்லாத விமானங்கள்) நேராக ஓட்டல் வாசலில் இறங்கும். பாராசூட்டில் குதித்தால் மலைக்காற்று ஆட்களைச் சிதறடிக்கும். ரோப்காரில் போனால் மேலே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கிளைடர் மட்டுமே சத்தமில்லாமல், பத்துப் பத்துப் பேராக ஒரே இடத்தில் இறக்கும். ஸ்கோர்செனி தன்னையும் தன் எஸ்எஸ் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார், ஸ்டுடென்ட் சம்மதித்தார். கிளைடர்களில் போன சுமார் 90 பேரில் எஸ்எஸ் ஆட்கள் 20-க்கும் குறைவு.

தாக்குதல் அதிகாலையில் நடக்க வேண்டியது. கிளைடர்கள் வந்து சேரத் தாமதமானதால் பிற்பகல் 2 மணிக்குத் தள்ளிப்போனது. மலைப்பகுதியில் கிளைடர் இறக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. வெயிலில் சூடான பாறையிலிருந்து காற்று மேலே எழும்பும். முகட்டுக்கு மறுபுறம் கீழே இழுக்கும். இன்ஜின் இல்லாத கிளைடருக்கு இன்னொரு வட்டம் அடித்து வருகிற வசதி இல்லை. இறங்க ஆரம்பித்தால் இறங்கியே தீர வேண்டும்.

பிராதிகா தி மாரே விமானத் தளத்திலிருந்து பத்து கிளைடர்கள் கிளம்பின. முன்னால் போன இழுவை விமானங்கள் உயரம் கூட்டுவதற்காக வழியில் ஒரு வட்டம் அடித்தன. பின்னால் வந்தவை அடிக்காமல் நேரே போய்விட்டன. அதனால் வரிசையில் நான்காவதாக இருந்த ஸ்கோர்செனியின் கிளைடர் முதலாவதாக ஓட்டலை அடைந்தது. அவர் கதாநாயகனாக ஆனதற்கு முதல் காரணம் இந்த வரிசைக் குழப்பம். யாரும் திட்டமிடவில்லை. முறைப்படி முதலில் இறங்க வேண்டியவர்கள் பாராசூட் வீரர்கள்.

மேலேயிருந்து பார்த்தபோது அந்தப் புல்வெளி செங்குத்தான சரிவு என்று தெரிந்தது. விமானி மையர்-வேனர் கிளைடரை ஓட்டலுக்கு மிக அருகே, கற்கள் நிறைந்த தரையில் உராய்த்து நிறுத்தினார். கிளைடர் கிழிந்தது, ஆட்கள் பிழைத்தார்கள். வேறொரு கிளைடர் மோதி நொறுங்கி உள்ளே இருந்தவர்கள் காயமடைந்தனர். பத்தில் ஒன்றுதான் இப்படி ஆனது. மூன்று நான்கு நொறுங்கியிருந்தாலும் அன்றைய காற்றைப் பார்க்கையில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்கோர்செனி கூடவே இத்தாலியப் போலீஸ் ஜெனரல் சொலெட்டியை அழைத்து வந்திருந்தார். அழைத்து வந்தார் என்பதைவிட இழுத்து வந்தார் என்பதே சரி. எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் சொலெட்டி மறுத்தார். இத்தாலியச் சீருடையில் ஒரு ஜெனரல் முன்னால் நின்று சுடாதீர்கள் என்று கத்தினால் காவலர்கள் ஒரு கணம் தயங்குவார்கள் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. இது ஸ்கோர்செனியும் ராடலும் சேர்த்த யோசனை. அன்றைய நடவடிக்கையில் அவர்கள் பங்கு என்று நான் மனமார ஒப்புக்கொள்ளும் விஷயம் இது.

ஓட்டலுக்குள் முதலில் கண்ணில்பட்ட அறையில் ஒரு இத்தாலிய வீரர் வானொலிக் கருவி முன் உட்கார்ந்திருந்தார். ஸ்கோர்செனி நாற்காலியை உதைத்துத் தள்ளி, துப்பாக்கிக் கட்டையால் கருவியை உடைத்தார். அந்த அறையிலிருந்து ஓட்டலுக்குள் போக வழியில்லை. வெளியே ஓடிவந்து, ஒரு வீரரின் தோளில் ஏறித் திண்ணை போன்ற மேடைக்குத் தாவி, முன்வாசலைக் கண்டுபிடித்தார். மாடியில் முசோலினியின் அறையை அடையச் சில நிமிடங்களே ஆயின. ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை.

ஏன் சுடப்படவில்லை? ஜெர்மானிய வேகம் என்று ஸ்கோர்செனி தரப்பு சொல்லும். ஓட்டலிலும் அதைச் சுற்றியும் இயந்திரத் துப்பாக்கிகளோடு காவல் இருந்தது. திறந்தவெளியில் ஒவ்வொன்றாக வந்து உராய்ந்து நிற்கிற கிளைடர்கள் அவற்றுக்கு மிகச் சுலபமான இலக்கு. மீட்க யாராவது வந்தால் கைதியை உயிரோடு விடக் கூடாது என்பதுதான் காவலர்களுக்குத் தொடக்கத்தில் இருந்த கட்டளை. ஆனால் கட்டளையிட்ட அரசாங்கம் ஓடிப்போயிருந்தது. ரோமின் போலீஸ் தலைமையிலிருந்து காவல் பொறுப்பாளர் குவெலிக்கு வந்த கடைசிச் செய்தி, மிகுந்த நிதானத்தோடு நடந்துகொள்ளும்படி சொன்னது. ரோமைப் பிடித்துவிட்ட ஜெர்மானியர்களோடு சண்டை போட்டு யாருக்காகச் சாவது? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத மனிதர்கள் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். நான்கு நாள் முன்னால், அரசாங்கம் ரோமில் இருந்தபோது இதே கிளைடர்கள் வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

ரத்தம் சிந்தாத மீட்பு என்று இன்றும் எழுதுகிறார்கள். மேலே, ஓட்டலில், அது உண்மை. கீழே மோர்ஸின் ஆட்கள் அசெர்ஜியைப் பிடித்தபோது ஒரு வனக்காவலரும் ஒரு கராபினியெரி வீரரும் கொல்லப்பட்டார்கள். பத்திரிகையாளர்களும் கேமராக்களும் மேலே இருந்ததால் அந்த இரண்டு பேரும் கதையில் இடம்பெறாமல் போய்விட்டார்கள்.

கெர்லாக்கின் விமானம்

என்னைக் கேட்டால் அன்றைய நாளின் உச்சக்கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. முசோலினி கையில் இருக்கிறார். கீழே சாலை வழியாகக் கொண்டுபோனால் வழியில் என்ன நடக்கும் என்று தெரியாது. பள்ளத்தாக்கில் இறங்க வேண்டிய சிறு விமானம் இறங்கும்போதே பழுதானது. மிச்சமிருந்தது ஸ்டுடென்ட்டின் சொந்த விமானி கெர்லாக் ஓட்டிவந்து ஓட்டல் பக்கத்திலேயே இறக்கிய ஃபீஸ்லர் ஷ்டோர்க்.

ஷ்டோர்க் மிகக் குறுகிய இடத்தில் எழும்பக்கூடிய விமானம். நல்ல எதிர்காற்று இருந்தால் கடல்மட்டத்தில் 60 மீட்டரே போதும். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், 240 குதிரைத்திறன் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், ஓடுதூரம் நீளும். கெர்லாக்குக்குக் கிடைத்தது சுமார் 200 மீட்டர் சரிவு, அதிலும் பாறைகள். வீரர்களும், காவலுக்கு இருந்த இத்தாலியர்களும் சேர்ந்து கற்களை அகற்றினார்கள்.

விமானியோடு ஒரு பயணி என்றால் சரி. ஸ்கோர்செனி தானும் ஏறுவேன் என்றார். கெர்லாக் மறுத்தார். அத்தனை பெரிய உடம்பை ஏற்றினால் எழும்பாது என்பது எவருக்கும் புரிகிற கணக்கு. ஸ்கோர்செனி விடவில்லை. முசோலினியைத் தனியாக அனுப்பி விமானம் விழுந்தால் ஹிட்லர் முகத்தில் எப்படி விழிப்பேன், அதைவிடக் கூடவே சாவது மேல் என்ற வகையில் பின்னாளில் விளக்கம் கொடுத்தார். இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் ஏறியதால் விமானம் விழும் வாய்ப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. முசோலினியைப் பாதுகாக்க அவரால் விமானத்துக்குள் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. முசோலினியின் பக்கத்தில் நின்று ஹிட்லரிடம் போய்ச் சேரும் ஆளாக அவர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கெர்லாக் கடைசியில் ஒத்துக்கொண்டார். பன்னிரண்டு பேர் போல வாலையும் இறக்கையையும் பிடித்து நிறுத்த, இன்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றி, சைகை கொடுத்ததும் விட்டார்கள். விமானம் குதித்துக் குதித்து ஓடியது. நடுவில் ஒரு சக்கரம் கல்லிலோ பள்ளத்திலோ மோதி நிலை தடுமாறியது. எழும்புகிற வேகம் வருவதற்கு முன்பே தரை முடிந்துவிட்டது. விமானம் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் விழுந்தது. கெர்லாக் பதறி மூக்கைத் தூக்கியிருந்தால் மூன்று பேரும் அங்கேயே முடிந்திருப்பார்கள். அவர் மூக்கைத் தாழ்த்தியே விட்டு, விழுகிற வேகத்தை இறக்கைகளுக்குத் தூக்குவிசையாக மாற்றி, பள்ளத்தாக்கின் அடிக்கு முன்னால் மெல்ல நிமிர்த்தினார். பிராதிகா தி மாரேயில் சேதமடைந்த சக்கரத்தோடு இறக்கினார். அந்தச் சில விநாடிகளில் இருந்தது கலப்படமில்லாத திறமை. ஆனால் அந்தத் திறமைக்கு அவசியத்தை உண்டாக்கியவர் அதன் பலனை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவே முசோலினியும் ஸ்கோர்செனியும் வேறொரு விமானத்தில் வியன்னா போய்ச் சேர்ந்தார்கள். நள்ளிரவு வாக்கில் ஸ்கோர்செனிக்கு நைட்ஸ் கிராஸ் பதக்கம், கூடவே மேஜர் நிலைப் பதவி உயர்வு. செப்டம்பர் 14 அன்று தன் தலைமையகமான ராஸ்டன்பர்க்கில் ஹிட்லர் முசோலினியை வரவேற்றபோதும் ஸ்கோர்செனி பக்கத்தில் இருந்தார். மோர்ஸ் அப்போது தன் ஆட்களை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருப்பார்.

கேமராவும் கோயபல்சும்

ஓட்டல் வாசலில் எடுத்த படங்களைக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். கறுப்பு ஓவர்கோட், அகலத் தொப்பி, சவரம் செய்யாத முகத்தோடு முசோலினி. அவர் தோளுக்கு மேலே எழும்பி நிற்கிற ஸ்கோர்செனி, கழுத்தில் பைனாகுலர். சுற்றிலும் பாராசூட் வீரர்கள், ஆனால் அவர்கள் கூட்டம், அவர் முகம். அன்று அவர் போட்டிருந்ததே விமானப்படைச் சீருடை என்பது பலருக்குத் தெரியாது. பிரேமுக்கு உள்ளே எங்கே நிற்பது என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

ஸ்டாலின்கிராட் போய், ஆப்பிரிக்கா போய், கூர்ஸ்க் தாக்குதல் நின்று, கூட்டாளி இத்தாலியும் கைவிட்டுப்போன அந்த செப்டம்பரில் பிரசார அமைச்சர் கோயபல்சுக்கு ஒரு வெற்றிக்கதை தேவைப்பட்டது. கதைக்கு ஒரு முகம் வேண்டும். தழும்போடு கூடிய உயரமான எஸ்எஸ் அதிகாரியைவிடப் பொருத்தமான முகம் கிடைக்காது. விமானப்படைக்கும் எஸ்எஸ்ஸுக்கும் இடையே நடந்த போட்டியில் எஸ்எஸ் தலைவர் ஹிம்லரும் இதைப் பயன்படுத்திக்கொண்டார். சர்ச்சிலே நாடாளுமன்றத்தில் இதை மிகத் துணிச்சலான செயல் என்று ஒப்புக்கொண்டார். எதிரியின் வாயால் வந்த பாராட்டைவிட ஒரு பெயருக்கு வலு சேர்ப்பது வேறில்லை.

அதே வழி, அதிர்ஷ்டம் இல்லாமல்

எட்டு மாதம் கழித்து, 25 மே 1944 அன்று, ஜெர்மானியர்கள் போஸ்னியாவின் ட்ர்வார் ஊரில் யூகோஸ்லாவிய எதிர்ப்புப் படைத் தலைவர் டிட்டோவைப் பிடிக்க அல்லது கொல்லக் கிளைடர்களிலும் பாராசூட்களிலும் ஆட்களை இறக்கினார்கள். எஸ்எஸ்ஸின் 500-ஆவது பாராசூட் பட்டாலியன், முதல் அலையில் 654 பேர். அடிப்படை யோசனை கிரான் சாசோவுடையதுதான்: தலைவர் இருக்கும் இடத்தின் தலையிலேயே வந்து இறங்குவது. வீரர்களின் துணிச்சலில் குறை சொல்ல முடியாது.

ஆனால் சில நாள் முன்பு ஊருக்கு மேல் வட்டமிட்ட வேவு விமானத்தைப் பார்த்து டிட்டோவின் கொரில்லா வீரர்களான பார்ட்டிசான்கள் உஷாராகியிருந்தார்கள். டிட்டோவின் தலைமையகம் என்று ஜெர்மானியர் குறிவைத்த இடம் தவறு. அவர் ஊருக்கு மேலே பாறைக் குகையில் இருந்தார். எல்லாவற்றையும்விட முக்கியம், எதிரே இருந்தவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று தெரிந்தவர்கள். டிட்டோ குகையிலிருந்து மேலே ஏறித் தப்பினார். பட்டாலியன் தன் பெரும்பகுதியை இழந்தது. கிடைத்தது டிட்டோவின் ஒரு சீருடை. அதை வியன்னாவில் காட்சிக்கு வைத்தார்கள்.

இந்த நடவடிக்கையின் ரகசியம் கசிந்துவிட்டது என்று தெரிந்து தான் ஒதுங்கிக்கொண்டதாக ஸ்கோர்செனி பின்னர் எழுதினார். அது உண்மையானால் நல்ல தீர்ப்பு, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒதுங்கல் அவர் பெயரைக் கீறல் விழாமல் காப்பாற்றியும் கொடுத்தது. ட்ர்வாரில் தோற்ற கமாண்டர் ரிப்காவின் பெயர் இன்று நிபுணர்களுக்கு மட்டுமே தெரியும். இரண்டு நடவடிக்கைகளுக்கும் இடையேயான வித்தியாசத்தைத் தலைவர்களின் திறமையில் தேடுகிறவர்கள் எதிரே நின்றவர்களைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

1944 அக்டோபரில் புடாபெஸ்டில் ஹங்கேரியத் தலைவர் ஹோர்த்தியின் மகனைக் கம்பளத்தில் சுருட்டிக் கடத்தி, மறுநாள் அரண்மனைக் குன்றையும் அதிகச் சேதமில்லாமல் பிடித்தார்கள். இதில் ஸ்கோர்செனியின் பங்கு உண்மையிலேயே பெரிது. கிரான் சாசோவைப் போலவே இங்கேயும் எதிர்த்தரப்பு ஏற்கெனவே மனம் உடைந்திருந்தது. ஹிட்லர் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: இந்த ஆளிடம் எதைக் கொடுத்தாலும் முடிப்பார்.

டிசம்பர் 1944: பெயர் தனியாகப் போருக்குப் போகிறது

அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் ஆப்பரேஷன் கிரைஃப். பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப்பகுதியில் ஜெர்மானியர் நடத்தவிருந்த பெருந்தாக்குதலில் அமெரிக்கச் சீருடையிலும் அமெரிக்க வண்டிகளிலும் ஒரு பிரிகேட் முன்னேறி மியூஸ் ஆற்றுப் பாலங்களைப் பிடிக்க வேண்டும். தயாரிக்கக் கிடைத்த காலம் இரண்டு மாதத்துக்கும் குறைவு.

தொடக்கமே கோணல். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஸ்கோர்செனியின் தலைமையகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று மேலிடம் படை முழுவதற்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிரதி நேச நாடுகள் கைக்கும் போனது. வந்தவர்களில் அமெரிக்கர் போலவே பேசக்கூடியவர்கள் சுமார் 10 பேர். கேட்ட அமெரிக்க டாங்கிகளுக்குப் பதிலாக, ஜெர்மன் பாந்தர் டாங்கிகளில் தகடு அடித்து அமெரிக்க டாங்கி போல வேஷம் போட்டார்கள். இப்படிப்பட்ட வேலையை அதிரடிப் படையிலேயே அனுபவமுள்ள, ஆனால் பெயரில்லாத ஒரு அதிகாரியிடம் கொடுத்திருந்தால், முடியாது என்ற வார்த்தையைச் சொல்லியிருப்பார், மேலிடமும் கேட்டிருக்கும். ஸ்கோர்செனி ஆட்சேபங்களைச் சொன்னார். பெயர் அவரை விடவில்லை.

பாலங்கள் எதுவும் கைக்கு வரவில்லை. டிசம்பர் 21 அன்று பிரிகேட் மால்மெடியைச் சாதாரணக் காலாட்படை போலத் தாக்கித் தோற்றது. ஸ்கோர்செனி முகத்தில் காயம்பட்டார்.

ஆனால் சில ஜீப்களில் அமெரிக்க வேஷத்தில் ஊடுருவிய சிறு குழுக்கள் எதிர்பார்க்காத வேலையைச் செய்தன. டிசம்பர் 17 அன்று பெல்ஜியத்தின் ஏவாய் ஊரில் அடையாளச் சொல் தெரியாமல் மூன்று பேர் பிடிபட்டார்கள். ஸ்கோர்செனி பாரிஸ் போய் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரைப் பிடிக்கப் போகிறார் என்றார்கள் அவர்கள். அது பயிற்சி முகாமில் ஓடிய வதந்தி. ஸ்கோர்செனி தடுக்காமல் ஓடவிட்டது. வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் விசாரணை அதிகாரிகள் சிரித்திருப்பார்கள். முசோலினியை மலையிலிருந்து தூக்கியவர் என்றபோது நம்பினார்கள்.

வெர்சாயில் ஐசன்ஹோவரை அவரது பாதுகாவலர்களே கட்டடத்துக்குள் அடைத்துவைத்தார்கள். சாயலில் ஒத்த ஒரு அதிகாரியை அவருடைய காரில் உலவவிட்டார்கள். சாலைச் சந்திதோறும் ராணுவப் போலீசார் அமெரிக்கர்களையே குறுக்குக் கேள்வி கேட்டார்கள். ஜெனரல் பிராட்லியிடம் இல்லினாய் மாநிலத் தலைநகர் எது என்றார்கள். அவர் சரியாக ஸ்பிரிங்ஃபீல்டு என்றார், கேட்டவர் சிகாகோ என்று நினைத்துக்கொண்டிருந்தார். செயின்ட் வித் ஊரைக் காத்துக்கொண்டிருந்த பிரிகேடியர் ஜெனரல் புரூஸ் கிளார்க், பேஸ்பால் கேள்விக்குத் தவறான பதில் சொன்னதற்காகச் சண்டையின் நடுவில் பிடித்து வைக்கப்பட்டார். சில டஜன் ஆட்களால் இதைச் செய்ய முடியாது. பதினைந்து மாதம் முன்பு வரிசை மாறிப் பறந்த ஒரு கிளைடரிலும், கெர்லாக்கின் கைநிதானத்திலும் உருவான பெயர் செய்தது.

விலை கொடுத்தவர்கள் வேறு. ஏவாயில் பிடிபட்ட மூன்று பேரும் டிசம்பர் 23 அன்று சுடப்பட்டார்கள். அதே போலப் பிடிபட்ட இன்னும் பலருக்கும் அதே கதி. எதிரியின் சீருடையில் பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே அனுப்பப்பட்டவர்கள்.

டாஹாவ் நீதிமன்றமும் பிறகும்

1947-இல் டாஹாவில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் ஸ்கோர்செனியையும் கிரைஃப் அதிகாரிகள் ஒன்பது பேரையும் விசாரித்தது. அவருக்காகச் சாட்சி சொன்னவர் பிரிட்டிஷ் ரகசியப் படையின் விங் கமாண்டர் யோ-தாமஸ். நாங்களும் எதிரிச் சீருடை அணிந்தோம் என்றார். செப்டம்பர் 9 அன்று எல்லோரும் விடுதலை. யோ-தாமஸ் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் சித்திரவதையையும் புகன்வால்டு முகாமையும் அனுபவித்தவர். அந்த மனிதர் சாட்சிக் கூண்டேறியதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சாட்சியம் சீருடைக் குற்றச்சாட்டைப் பற்றியது மட்டுமே. அதை ஒரு நாஜி அதிகாரியின் வாழ்க்கைக்கே கொடுத்த நற்சான்றிதழ் போலக் காட்டுவது தவறு. மீட்ட முசோலினியை வைத்து வட இத்தாலியில் நிறுவிய சாலோ ஆட்சி, இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு இத்தாலியர்களை இத்தாலியர்களோடு மோதவிட்டது. அந்த ஆட்சியின் போலீசார் யூதர்களைப் பிடித்து ஜெர்மானியரிடம் ஒப்படைத்தார்கள். துணிச்சல் கதையாக மட்டும் கிரான் சாசோவைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஸ்கோர்செனி 1948-இல் டார்ம்ஸ்டாட் முகாமிலிருந்து தப்பி, ஸ்பெயினில் குடியேறி, நினைவுக் குறிப்புகள் எழுதி, 1975-இல் மாட்ரிட்டில் இறந்தார். மோர்ஸ் புதிய மேற்கு ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்து கர்னல் ஆனார். திட்டமும் தலைமையும் பாராசூட் படையுடையவை என்று கடைசிவரை சொல்லிவந்தார். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் அவர் பக்கம். ஆனாலும் பொதுமக்கள் படிக்கிற கட்டுரைகளில் பழைய தலைப்பே திரும்பத் திரும்ப வருகிறது. ஜெர்மானியர் இந்த நடவடிக்கைக்கு வைத்த ரகசியப் பெயர் ஆப்பரேஷன் ஐஹே. நான் அந்தப் பெயரையே எழுதுகிறேன், பொறுப்பாளர் என்ற இடத்தில் ஸ்டுடென்ட், மோர்ஸ் என்று போடுகிறேன், விமானி என்ற இடத்தில் கெர்லாக் என்று. ஸ்கோர்செனிக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டு: தேடலிலும், சொலெட்டியை அழைத்துவந்ததிலும், முதல் கிளைடரிலிருந்து முசோலினியின் அறைவரை ஓடிய சில நிமிடங்களிலும்.